பத்துக்கு ரெண்டு

சுடலைமுத்து அண்ணாச்சிக்கு இது ஒன்பதாவது கர்ப்பம். முதல் எட்டும் நல்லபடியாக முடிந்தன. வயது நாற்பத்தொன்பது, முறுக்கு மீசை, வயிறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஆனால் மூன்றாம் மாதம் ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே ஓங்கரித்திருக்கிறார். ஐந்தாம் மாதம் கோயில் கொடை விழாவில் நீட்டிய திருநீற்றை நெற்றியில் பூசாமல் வாயில் போட்டுக்கொண்டிருக்கிறார். எட்டாம் மாதம் கீழே விழுந்த சாவியைக் குனிந்து எடுக்க முடியாமல், அதையே பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றிருக்கிறார். பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் மசக்கை அண்ணாச்சி வீடு எது என்று கேட்டால் பச்சைப் பிள்ளையும் கை காட்டும்.

பத்தொன்பது வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். என்.ஜி.ஓ. காலனியில் எடுத்தால் ஜங்ஷனில் நிறுத்துவார், ஜங்ஷனில் எடுத்தால் என்.ஜி.ஓ. காலனியில் நிறுத்துவார். பஸ்கள் தாமே ஓடிக்கொள்ளப் பழகிய வருடம், டிரைவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சால்வையைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திருநெல்வேலி வெயிலில் சால்வையை வைத்துக்கொண்டு மனுசன் என்ன செய்வான்? அந்தச் சமயத்தில்தான் பட்டை வந்தது. கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். கர்ப்பிணியின் காதுக்குப் பின்னால் ஒன்று, தாங்குகிறவரின் காதுக்குப் பின்னால் ஒன்று. அவ்வளவுதான், அவள் படவேண்டியதை இவர் சம்பளத்துக்குப் படுவார்.

பயிற்சி கொடுக்க வந்த அம்மா கரும்பலகையில் படமெல்லாம் போட்டாள். எதிரே வேலை போன டிரைவர்களும் லோடுமேன்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஏறவில்லை என்று தெரிந்ததும் படத்தை அழித்துவிட்டுச் சொன்னாள்.

“நோய் அங்கேயேதான் இருக்கும். நோவு மட்டும் இங்க வரும். இதை மட்டும் மறக்காதீங்க.”

பிரசவ வலியும் வருமா என்று ஒருவர் கேட்டார். அதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, ஆம்பளைகள் செத்துப்போவீர்கள் என்று அந்த அம்மா சொல்ல, அத்தனை பேரும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்கள்.

யாருக்காகத் தாங்குகிறோம் என்பது மட்டும் தெரியாது. தாய்க்கும் தாங்குகிறவர் யாரென்று தெரியாது. பேரும் ஊரும் பட்டை கொடுக்கிற நிலையத்தின் கம்ப்யூட்டருக்குள் பூட்டிக் கிடக்கும்.

பட்டை வந்ததும் ஊர் மாறிப்போனது. முதலில் விழித்துக்கொண்டவர்கள் முதலாளிமார்கள்தான். வேலைக்காரப் பெண்களுக்குப் பட்டையைத் தாங்களே வாங்கிக் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு பேறுகால லீவைப் பிரசவத்துக்கு முந்தின நாளுக்குத் தள்ளினார்கள். அதுதான் ஒண்ணும் செய்யலையே, அப்புறம் எதுக்கு லீவு என்றார்கள். பஸ்ஸில் வயிற்றுப் பிள்ளைக்காரி ஏறினால் எழுந்து இடம் கொடுக்கிற வழக்கமும் போயிற்று. காதுக்குப் பின்னால் பட்டை மினுங்குகிறதா என்று பார்ப்பார்கள். மினுங்கினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

தாங்குகிறவர்கள் தினமும் சாயங்காலம் போனில் மார்க் போட வேண்டும். தலைவலி, குமட்டல், நெஞ்செரிச்சல், முதுகு, கால், ஒவ்வொன்றும் பத்துக்கு எத்தனை என்று. நம் ஆட்கள் ஒரு காரியம் செய்தார்களே, அது இங்கேதான். மார்க் குறைவாகப் போடுகிறவர்களுக்கு நிலையம் ‘திடமான தாங்குநர்’ என்று சட்டையில் குத்திக்கொள்ள ஒரு நட்சத்திரம் கொடுத்தது. கூட்டிப் போடுகிறவர் பலவீனமானவர், அடுத்த கர்ப்பம் வராது. போதாதா? பழைய டிரைவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து, உயிர் போகிற நெஞ்செரிச்சலுக்கு நான் ஒண்ணுதான் போட்டேன், எனக்கு அதுகூட இல்லை என்று மீசையைத் தடவினார்கள். சொல்லி முடித்த கையோடு கடைக்குப் பின்னால் போய் ஓங்கரித்தார்கள்.

அண்ணாச்சியிடம் ஆறு நட்சத்திரம் இருந்தது. கைலி கட்டும்போதும் சட்டையில் குத்திக்கொள்வார். “பல்லைக் கடிச்சிக்கிட்டு ரெண்டு போடுதவன்தான் ஆம்பள” என்பார். பெண்டாட்டி பேச்சியம்மாள் இதற்கெல்லாம் பதில் சொல்ல மாட்டாள். யாரோ ஒருத்தி மசக்கைக்கு நான் மாங்காய் நறுக்குகிறேன், என் தலையெழுத்து என்று முனகிக்கொண்டே கத்தியைத் தேடுவாள்.

இந்த ஒன்பதாவது ஆரம்பத்திலேயே வித்தியாசமாக இருந்தது. காலையில் ஒன்பது மணிக்குக் கால் கடுக்கத் தொடங்கினால் ராத்திரி எட்டு வரை விடாது. உட்கார்ந்தாலும் படுத்தாலும் நிற்கிற கடுப்பு. இந்தப் பெண் நாள் முழுக்க எங்கேயோ நிற்கிறாள் என்று அண்ணாச்சிக்குப் புரிந்தது. ஐந்தாம் மாதம் உதை வந்தது. நிலையத்தின் பாரத்தில் உதைக்குக் கட்டம் இல்லை. அண்ணாச்சி அதற்குக் ‘கண்டக்டர்’ என்று பேர் வைத்தார். ஹாரன் சத்தம் கேட்டால் விலாவில் ரெண்டு தட்டு தட்டுவான். ரைட், போலாம் என்று அண்ணாச்சி வாய்விட்டுச் சொல்வார். முந்தைய எட்டுக்கும் இப்படிப் பேர் வைத்ததில்லை.

எட்டாம் மாதம் நடுவில் தலைவலி வந்தது. சாதாரணத் தலைவலி இல்லை, மண்டைக்குள் ஆள் உட்கார்ந்து கல் உடைப்பது மாதிரி. கண்ணுக்கு முன்னால் மின்மினி பறந்தது. வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுத்தது. பன்னிரண்டு நாளும் அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு தலைவலிக்கு ரெண்டு போட்டார். ஏழாவது நட்சத்திரத்துக்கு மூன்று வாரம்தான் பாக்கி.

பதின்மூன்றாம் நாள் காலை ஏழரைக்கு, குடத்தைத் தூக்கியவர் குடத்தோடு சுவரில் சாய்ந்துவிட்டார். பேச்சியம்மாள் பயந்துபோய் எதிர்வீட்டு நர்ஸ் செண்பகவடிவைக் கூட்டிவந்தாள். வடிவு கையில் பட்டியைக் கட்டி ரத்தக் கொதிப்பைப் பார்த்தாள். நூற்றிருபதுக்கு எண்பது. இன்னொரு தடவை பார்த்தாள். அதே நூற்றிருபதுக்கு எண்பது. என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது.

“அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணுமில்ல. இது நீங்க தாங்குத அந்தப் பொம்பளப் பிள்ளைக்கு. ரத்தக் கொதிப்பு கண்டபடி ஏறிக் கெடக்கு. விட்டா வலிப்பு வரும். தாயும் போயிரும், பிள்ளையும் போயிரும்.”

“செக்கப்ல பாத்திருப்பாகல்லா?”

“செக்கப் மாசத்துக்கு ஒரு தடவை. நடுவுல டாக்டர் பாக்கது நீங்க போடுத மார்க்கைத்தான். அந்தப் பிள்ளைக்குத்தான் ஒரு நோவும் தெரியாதே, அது எப்படி வந்து சொல்லும்? நீங்க எத்தனை போட்டீய?”

அண்ணாச்சி சட்டையில் இருந்த நட்சத்திரங்களைக் கையால் மூடிக்கொண்டார்.  மறு கையால் ரெண்டு விரலைக் காட்டினார்.

மார்க் தன்னுடைய வீரத்துக்கு என்றுதான் அவர் நினைத்திருந்தார். டீக்கடையில் அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அதை ஒரு டாக்டர் படிக்கிறார் என்று பயிற்சியில் சொன்னார்களோ என்னவோ, சொன்ன நேரத்தில் யார் காதில் விழுந்தது?

உடனே நிலையத்துக்குப் போன் போட்டார். பெண் யாரென்று சொல்ல விதி இல்லை என்றார்கள். நீங்களாவது அவளிடம் சொல்லுங்கள் என்றார். அவர்களும் பார்த்துவிட்டு, நேற்று வரை ரெண்டுதானே ஐயா இருக்கிறது என்றார்கள். இப்போதே ஒன்பது போடுகிறேன் என்றார். ரெண்டிலிருந்து ஒரேயடியாக ஒன்பதுக்கு ஏறினால் தாங்குநர் களைத்துவிட்டார் என்று கணக்காம், மாற்று ஆள் போடுவார்களாம், மூன்று வேலை நாள் ஆகுமாம். அண்ணாச்சி கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அவர்கள் காதில் அது விழுந்திருக்காது, பாட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

பாயில் விழுந்து கண்ணை மூடினார். அழுகை வந்தது. மூன்று மாதமாகத் தன் விலாவில் தட்டிக்கொண்டிருக்கும் ஒருவனைத் தானே கொல்லப் போகிறோம் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. மணி எட்டு ஆனது. வழக்கம்போல இடுப்பில் குலுக்கல் தொடங்கியது. தினமும் இந்த நேரத்துக்கு வரும், அரை மணி நேரம் இருக்கும், எங்கேயோ வேலைக்குப் போகிறாள் போல. டக், டக், டக் என்று மூன்று. அப்புறம் இடது பக்கம் ஒரு நீண்ட சாய்வு.

பேச்சியம்மாள் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, பாயில வண்டி ஓட்டுதீயளா?”

அண்ணாச்சி கண்ணைத் திறந்து பார்த்தார். அவருடைய வலது கால் தானாகப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. வரிசையாக மூன்று வேகத்தடைக்கு மூன்று மிதி, சாய்வுக்குக் காலைத் தூக்கி ஒரு தளர்வு. இந்த இடுப்புக்குத் தெரியாத குலுக்கலா? பெருமாள்புரம் பள்ளிக்கூடத்து வேகத்தடை. அடுத்தது தண்ணீர்த் தொட்டி வளைவு. டிரைவர் இல்லாத பஸ் வந்தாலும் ரோட்டுக் குழி அதே குழிதான், அதை மூடுவதற்கு இன்னும் ஒரு இயந்திரமும் வரவில்லை.

“ஏட்டி பேச்சி, இது நம்ம ரூட்டு.”

குலுக்கல் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. ரயில்வே கேட் போட்டிருக்கிறான் என்றார் அண்ணாச்சி. சொல்லி வாயை மூடவில்லை, தெற்கே ரயில் கூவியது. அதே நொடியில் கண்டக்டர் விலாவில் ரெண்டு தட்டு தட்டினான். அண்ணாச்சி எழுந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். தலை வெடித்தது, கால் கடுத்தது, நிறைமாதக்காரி ஓட்டம்தான். ஆனாலும் ஓடினார். பின்னாலேயே பேச்சியம்மாள் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கேட் திறந்தால் எப்போதும் ரெண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வரும். முன்னால் வந்ததில் அண்ணாச்சி ஏறினார். பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. ஆசனத்திலிருந்து ஒரு குலுக்கல் வந்தது. ஐந்து எண்ணுவதற்குள் உள்ளேயிருந்து இன்னொரு குலுக்கல். இது இல்லை, பின்னால் வருவதில் இருக்கிறாள். அடுத்த நிறுத்தத்தில் குதித்து இறங்கிப் பின்னால் வந்ததில் ஏறினார். அதில் செருப்பும் கையுமாகப் பேச்சியம்மாள் ஏற்கனவே ஏறியிருந்தாள். பள்ளம் வந்தது. வெளிக் குலுக்கலும் உள் குலுக்கலும் ஒன்றாக விழுந்தன.

நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். ஜவுளிக்கடை சீருடைச் சேலை, நெஞ்சில் ஜெபசெல்வி என்று பேர் எழுதிய வில்லை, எட்டு மாத வயிறு. முகம் அப்போதுதான் குளித்துவந்த மாதிரி தெளிவாக இருந்தது. பாதம் ரெண்டும் செருப்பு வாரில் அடங்காமல் வீங்கியிருந்தன. பக்கத்து ஆசனத்தில் ரெண்டு தடியன்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணாச்சி மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். நான்தான் உங்களைத் தாங்குகிறவன், உங்களுக்கு ரத்தக் கொதிப்பு, இப்போதே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று. கைலியை மடித்துக் கட்டிய ஒரு ஆள், செருப்பில்லாத கால், கண் ரெண்டும் சிவந்து கிடக்கிறது. யார்தான் நம்புவார்கள்?

“அண்ணாச்சி, எனக்கு ஒண்ணுமே செய்யலையே. நான் நல்லாத்தான இருக்கேன்” என்றாள் ஜெபசெல்வி. ஒரு எட்டு பின்னால் நகர்ந்துகொண்டாள்.

பொம்பளைப் பிள்ளையிடம் என்ன பேச்சு என்று தடியன்களில் ஒருவன் எழுந்தான். அண்ணாச்சிக்கு அத்தாட்சி ஒன்று வேண்டியிருந்தது. நேற்று மத்தியானம் உங்களுக்கு விக்கல் எடுத்தது, முந்தாநாள் இடுப்பு பிடித்தது என்று எதைச் சொன்னாலும் அவளுக்குத் தெரியாது. அவள் உடம்பைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது, எல்லாம் இவருக்குத்தான் தெரியும். காட்டுவதற்கு ஒரே வழிதான் இருந்தது. பட்டையை ஒரு தடவை எடுத்துவிட்டால் மறுபடி ஒட்டாது. தாங்குகிறவர் தானாக எடுத்தால் அத்தோடு வேலையும் போயிற்று.

“தாயி, நான் சொன்னா நம்ப வேண்டாம். நீங்களே பாத்துக்கிடுங்க. உக்காந்துக்கிடுங்க மொதல்ல” என்று சொல்லிவிட்டு, காதுக்குப் பின்னால் கையை விட்டுப் பிய்த்தார்.

தலைக்குள் கல் உடைத்தவன் எழுந்து போய்விட்டான். கால் கடுப்பு இறங்கியது. அண்ணாச்சிக்கு உடம்பு லேசானது. எதிரே ஜெபசெல்வியின் முகத்தில் ரத்தம் வற்றியது. ஐயோ என்றுகூட அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, எட்டு மாதமாகச் சொல்லிப் பழக்கமில்லையே. கம்பியை விட்டுவிட்டு இரு கையாலும் தலையைப் பிடித்தாள். உட்கார்ந்திருந்த தடியனும் எழுந்தான், ரெண்டு பேருமாக இடம் கொடுத்தார்கள். பேச்சியம்மாள் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. டாக்டரம்மா அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஊசிக்குச் சொல்லி அனுப்பினாள். தலைவலி எத்தனை நாளாக என்று கேட்டாள். அரை மணி நேரமாக என்றாள் ஜெபசெல்வி.

“பன்னெண்டு நாளா, டாக்டரம்மா” என்றார் அண்ணாச்சி கதவோரத்தில் நின்றுகொண்டு.

டாக்டரம்மா திரையைத் திருப்பினாள். ரெண்டு, ரெண்டு, ரெண்டு என்று பன்னிரண்டு நாளுக்கும் வரிசையாக நின்றது. யார் போட்டது என்று கேட்டாள்.

“நான்தாம்மா. ஒம்பது இருக்கும். பத்துன்னே வச்சுக்கிடுங்க. தாங்க முடியலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ரெண்டு போட்டேன்.”

டாக்டரம்மா திட்டியிருந்தால் அண்ணாச்சிக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் பன்னிரண்டு ரெண்டையும் அடித்துவிட்டுத் திருத்தி எழுதினாள். கட்டிலில் கிடந்த ஜெபசெல்விதான் பேசினாள்.

“எனக்காகச் சுமந்தீய, சரி அண்ணாச்சி. வலிக்குதுன்னு சொல்லவாவது செஞ்சிருக்கலாம்லா? என் வலியைச் சொல்ல எனக்கு வேற யாரு இருக்கா?”

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். ஆறு நட்சத்திரத்தையும் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். அந்த நேரத்தில் ஜெபசெல்வி திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். உள்ளே என்னவோ உருளுகிறது, டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று நடுங்கினாள். வெளியே ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“பயப்படாதீய தாயி. அது உங்க பிள்ளை. ஹாரன் கேட்டா ரெண்டு தட்டு தட்டுவான். வலது விலாவுல கையை வைங்க, அங்கதான் காலு. இப்ப பாருங்க, ரைட்டு குடுப்பான்.”

அவள் கையை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். பிறகு தலைவலியோடு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அண்ணாச்சியின் கை தன் விலாவைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. எட்டுப் பேரைச் சுமந்து இறக்கியபோது வராத துக்கம் அப்போது வந்தது. வராண்டாவுக்குப் போய் நின்றுகொண்டார்.

நான்காம் நாள் கொதிப்பு இறங்கியது. பிள்ளையின் இதயத் துடிப்பு குதிரை மாதிரி ஓடுகிறது, இன்னும் ரெண்டு வாரம் படுக்கையில் வைத்திருந்து எடுத்துவிடலாம், ரெண்டு உயிருக்கும் மோசமில்லை என்று டாக்டரம்மா சொன்னாள். ஜெபசெல்வியின் புருஷன் கப்பலில் இருந்தான், வந்து சேர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் பேச்சியம்மாள் உப்பில்லாத கஞ்சியைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு வந்தாள். ஜவுளிக்கடையிலிருந்து போன் வந்தது. புதுத் தாங்குநர் தயாராம், பட்டையை மாற்றிக்கொண்டு திங்கட்கிழமை வரலாமாம். எனக்கு வலிக்குது சார், வரமாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தாள் ஜெபசெல்வி. ஏதோ பரீட்சையில் தேறிய மாதிரி சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள்.

அண்ணாச்சிக்கு வேலை போய்விட்டது. ஆனாலும் மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்கு வந்துவிடுவார், ஜெபசெல்விதான் வரச்சொல்லியிருந்தாள். நான் படாத மாதமெல்லாம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவேண்டும், முதல் நாளிலிருந்து சொல்லுங்கள், நிஜ மார்க்கோடு சொல்லுங்கள் என்றாள். டாக்டரம்மாவும் எழுதிக்கொள்ள ஒரு நோட்டுக் கொடுத்திருந்தாள்.

அண்ணாச்சி சொன்னார். இரண்டாம் மாதம் பல் தேய்க்கிற பசை வாசம் ஆகவில்லை, உப்பால் தேய்த்தேன், குமட்டல் எட்டு. நாலாம் மாதம் பேச்சி தாளித்தால் நான் தெருவுக்கு ஓடுவேன், ஏழு. ஆறாம் மாதம் நெஞ்செரிச்சல், படுத்தால் வாய் வரைக்கும் வரும், உட்கார்ந்தே தூங்கினேன், அதற்கு ஏழு போட்டுக்கொள்ளுங்கள். ஜெபசெல்வி ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள்.

“எனக்கு ஒம்பது” என்று ஒரு குரல் வந்தது.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். பேச்சியம்மாள் தூக்கின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கா? எப்ப?”

“மூத்தவன் வயித்துல இருக்கையில. சின்னவனுக்குப் பத்து.”

“நீ சொல்லவே இல்லையேட்டி.”

“நீங்க கேக்கவே இல்லையே.”

 ஜெபசெல்வி நோட்டில் எழுதிக்கொண்டிருந்த பக்கத்தைத் திருப்பினாள். புதுப் பக்கத்தின் தலையில் பேச்சியம்மாள் என்று எழுதினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்து, கட்டிலில் இடம் விட்டாள்.

“இங்க வந்து உக்காருங்க அக்கா. மொதல் மாசத்துல இருந்து சொல்லுங்க.”

பேச்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். சுடலைமுத்து அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் எதிரில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்.